காரைக்குடியில் ஒரு பனிவண்டி நிபுணர்

மலைப்பனியில் ஓட்டுகிற வண்டிகளில் எது நல்ல வண்டி, எது சரிவில் சொன்னபடி சாயும், எது ஆழமான பனியைக் கண்டதும் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிடும் என்று காரைக்குடியில் யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம்தான் வந்து கேட்க வேண்டும். இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை.

இந்த அறிவு எனக்குக் காது வழியாக வந்தது. வீட்டிலிருந்தபடியே ஆங்கில ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவது என் வேலை. முதலில் பல வருஷம் வெளிநாட்டு டாக்டர்கள் சொல்வதைக் கேட்டு அடித்தேன். யாரோ ஒருவருடைய ஈரல், யாரோ ஒருவருடைய முழங்கால் என்று பொழுது போனது. பிறகு அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்துகொள்ளக் கற்றுக்கொண்டது. எங்களுக்கு வேலை பிரித்துத் தரும் நிறுவனம், அது தோற்றுப்போகிற இடங்களை மட்டும் மனிதர்களுக்கு ஒதுக்கி வைத்தது. அப்படி என் பங்குக்கு விழுந்ததுதான் பனிவண்டி.

ஸ்னோமொபைல் என்பார்கள். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சக்கரத்துக்குப் பதிலாக நீளமான ரப்பர் பட்டை, நடுவில் ஓர் இருக்கை, பிடித்துக்கொள்ள மோட்டார் சைக்கிளில் இருப்பதைப் போல ஒரு ஹேண்டில். வட அமெரிக்காவில் ஏதோ ஒரு மலையடிவாரத்தில் இருக்கும் மூன்று ஆண்கள், ஒவ்வொரு குளிர்காலத்திலும் புதிதாக வந்த வண்டிகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்து மலைக்கு ஓட்டிப் போவார்கள். ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். தலைக்கவசத்துக்குள் மைக் இருக்கும். ஓட்டிக்கொண்டே பேசுவார்கள், மூச்சு வாங்குவார்கள், விழுவார்கள், விழுந்ததற்கு வண்டியைக் குறை சொல்வார்கள். இறங்கி வந்தபின் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து எது சிறந்த வண்டி என்று சண்டை போடுவார்கள். அத்தனையும் வீடியோவாக வெளிவரும்போது கீழே எழுத்து ஓட வேண்டும். எஞ்சின் இரைச்சலிலும் காற்றிலும் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. பனிவண்டியை அவர்கள் செல்லமாக ‘ஸ்லெட்’ என்பார்கள். கம்ப்யூட்டர் அதை ‘சாலட்’ என்று எழுதி வைத்திருக்கும். ‘இந்த சாலட் செங்குத்தான சரிவில் பிரமாதமாக ஏறுகிறது.’ இந்த மாதிரி வாக்கியங்களைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்குத்தான் நான்.

மூன்று பேருடைய முகமும் எனக்குச் சரியாகத் தெரியாது. மலையில் தலைக்கவசமும் கண்ணாடியும் மாட்டியிருப்பார்கள், கொட்டகையில் குல்லாவும் மப்ளருமாக உட்கார்ந்திருப்பார்கள். குரலை வைத்துத்தான் பிரித்தறிவேன். ஒருவர் கனத்த சாரீரக்காரர். ஆளும் கனமாகத்தான் இருக்க வேண்டும், அவர் உட்கார்ந்தால் வண்டியின் ஸ்பிரிங் முனகுவது மைக்கில் கேட்கும். இன்னொருவருக்குத் தீராத இருமல். மூன்றாமவர் மற்ற இரண்டு பேரும் எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சுவார்த்தை மாதிரியே இருக்கும்.

முதல் குளிர்காலத்தில் வார்த்தைகளை மட்டும் பிடித்தேன். அடுத்ததில் விஷயமும் பிடிபட ஆரம்பித்தது. பட்டை நீளமாக இருக்கும் வண்டி ஆழப் பனியில் படகைப் போல மிதக்கும். திரும்பச் சொன்னால் மட்டும் யோசிக்கும். பட்டை குட்டையாக இருப்பது சொன்ன இடத்தில் திரும்பும். பனி ஆழமானால் பின்பக்கம் புதைந்துவிடும். முன் சறுக்குக் கட்டைகளுக்கு நடுவே அகலம் அதிகமானால் வண்டி கவிழாது, ஆனால் மலைச்சரிவின் குறுக்கே போவதற்கு அதைச் சாய்க்க முழு உடம்பையும் போட்டு இழுக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் இடுப்பை அசைத்தாலே சாயும். ஆனால் அதே வண்டி சமதளத்தில் குடித்துவிட்டு வருகிறவன் மாதிரி இரண்டு பக்கமும் ஆடும். உயரம் கூடக் கூட எஞ்சினுக்கு மூச்சு முட்டும். டர்போ வைத்த எஞ்சினுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் ஹேண்டிலில் இருக்கும் முடுக்கியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு ஆளைத் தூக்கி எறிவதைப் போலக் கிளம்பும்.

இதையெல்லாம்விடப் பெரிய உண்மை ஒன்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஒரே வண்டியை, ஒரே சரிவில் ஓட்டிவிட்டுக் கனத்த சாரீரக்காரர் ‘மெத்தை மாதிரி இருக்கிறது’ என்பார். இருமல்காரர் ‘கல் மாதிரி இருக்கிறது’ என்பார். அவர்கள் வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை. அவரவர் உடம்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இதை எழுத்தில் போட எனக்கு அனுமதி இல்லை. கேட்டதை மட்டும்தான் அடிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் விளங்கவே இல்லை. சரிவின் குறுக்கே போகும்போது, இடது பக்கம் மலை என்றால் ஹேண்டிலை வலது பக்கம் திருப்ப வேண்டும் என்று மூன்று பேரும் சொன்னார்கள். எதிலும் ஒத்துப்போகாதவர்கூட இதில் ஒத்துப்போனார். பள்ளத்தை நோக்கித் திருப்பினால் பள்ளத்தில்தானே போய் விழ வேண்டும்? அடித்து அனுப்பிவிட்டு ஒருநாள் மத்தியானம் முழுக்க இதையே யோசித்தேன். கடைசியில் நடுவீட்டில் ஒரு திண்டைப் போட்டு, அதன்மேல் ஏறி இடது ஓரத்தில் பாதத்தை அழுத்தி நின்றுகொண்டு, ஒட்டடைக் கம்பை ஹேண்டிலாகப் பிடித்து வலது பக்கம் திருப்பினேன். திண்டு இடது பக்கம் சாய்ந்தது. கம்பு உடம்பைத் தாங்கியது. விளங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். ஸ்கூட்டரில் இண்டிகேட்டரையும் போட்டுக் கையையும் காட்டித் திரும்புகிறவர்.

“என்ன செய்யிற?” என்றார்.

“வண்டி ஓட்டிப் பாக்கேன். இடப்பக்கம் மலை. அதான் வலப்பக்கம் திருப்புறேன்.”

அவர் இடப்பக்கம் பார்த்தார். அங்கே கிரைண்டர் இருந்தது.

“வழுக்கி விழுந்துறாத. தரை இப்பத்தான் துடைச்ச மாதிரி இருக்கு,” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அவர் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. ஆத்தங்குடிக் கல் தரை, ஈரமாக இருந்தால் எந்தப் பனிக்கும் குறைந்ததில்லை.

நிபுணத்துவம் வந்துவிட்டால் சும்மா இருக்க முடியாது போலிருக்கிறது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் பங்குக் கோயிலில் குடில் ஜோடித்துக்கொண்டிருந்தார்கள். மலை மாதிரி செய்து, மேலே பஞ்சைப் பிய்த்துப் பனியாகப் போட்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். பஞ்சு செங்குத்தான பக்கத்தில் தடிப்பாகவும், சமமான இடத்தில் மெல்லியதாகவும் இருந்தது.

“இந்தச் சரிவுல இவ்வளவு பனி நிக்காது. சரிஞ்சு கீழ வந்துரும். கீழதான மாட்டுக் கொட்டில் இருக்கு?” என்றேன்.

குடில் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பக்திச் சபைத் தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீக பனியைப் பாத்திருக்கீகளா?”

“பாத்ததில்ல. தெரியும்.”

“பெத்லகேம்ல என்னிக்கும் பனிச்சரிவு வந்ததா வேதத்துல இல்லம்மா,” என்றார் அவர். பஞ்சு அங்கேயே இருந்தது. குழந்தை இயேசு பனிச்சரிவு அபாயத்திலேயே பொங்கல் வரைக்கும் படுத்திருந்தார்.

காஷ்மீர் பயணம் என்னால் வந்ததில்லை. அது என் நாத்தனாரால் வந்தது. என் வீட்டுக்காரருக்கு அக்கா. தேவகோட்டையில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் தெரியும், அவருடைய தொண்டைக்குத் தெரியாது. மதுரையிலிருந்து சமையல்காரரையும் கூடவே கூட்டிப் போகிற ஒரு சுற்றுலாக் குழுவில் தனக்கும் எங்களுக்கும் சேர்த்து இடம் பிடித்துவிட்டுத்தான் எங்களுக்குப் போன் பண்ணினார்.

“அக்கா, எனக்குக் குளிரு ஆகாது,” என்றார் இவர்.

“மார்கழியில காலையில பூசைக்குப் போறேல்ல? அந்தப் பனிதான் அங்குட்டும். கொஞ்சம் கெட்டியா இருக்கும், அம்புட்டுத்தான்.”

“மதினி, அது வேற பனி, இது வேற பனி,” என்று நான் விளக்கப் போனேன்.

“ஏ பிள்ளை, நீ பொட்டியைக் கட்டு,” என்றார்.

கட்டினேன். குரங்குக் குல்லா, பருப்புப் பொடி, தலைவலித் தைலம், இவருக்கு மட்டும் இரண்டு கம்பளி பனியன். யாருக்கும் தெரியாமல் மனதுக்குள் வேறொன்றையும் கட்டிக்கொண்டேன். நான்கைந்து குளிர்காலமாகக் காதால் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியை நேரில் பார்க்கப் போகிறேன்.

ஸ்ரீநகரில் சாம்பார் சாப்பிட்டுவிட்டு மறுநாள் குல்மார்க் போய்ச் சேர்ந்தோம். வழியிலேயே ஒரு கடையில் எல்லோருக்கும் வாடகைக்குக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் மாட்டிவிட்டார்கள். பெண்களுக்கெல்லாம் ஒரே சிவப்பு. குல்லாவையும் இழுத்துவிட்டால் யார் எந்த ஊர் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. மைதானம் முழுக்க சிவப்புக் கோட்டுகள் விழுந்து எழுந்துகொண்டிருந்தன.

பனியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. மாவு மாதிரி இருக்கும் புதுப் பனியை அந்த மூன்று பேரும் பவுடர் என்பார்கள். பவுடர் பவுடர் என்று ஆயிரம் தடவை அடித்திருக்கிறேன். இங்கே வண்டிகள் நிற்கும் இடத்தில் பனியை மிதித்து மிதித்துச் சிமெண்டுத் தரை மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். மேலே டீ சிந்தியிருந்தது. என் வீட்டுக்காரர் அதில் இரண்டடி வைத்துவிட்டு, “நான் இங்கயே இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க. வீடியோ எடுக்கேன்,” என்று சூடாக ஏதோ விற்கிற கடை ஓரமாக நின்றுகொண்டார்.

வண்டிகள் வரிசையாக நின்றன. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது: இவற்றில் முக்கால்வாசி மலைக்கான வண்டிகள் இல்லை. சாமான் இழுக்கவும், இரண்டு பேர் சாய்ந்து உட்கார்ந்து சமதளத்தில் போகவும் செய்தவை. அகலம், கனம், பட்டையில் பல் குட்டை. நான் வரிசையின் ஒரு முனையிலிருந்து குனிந்து குனிந்து பட்டையைப் பார்த்துக்கொண்டே போனேன். நாத்தனார் பின்னாலேயே வந்தார்.

“என்ன பிள்ளை, கத்திரிக்காயா பொறுக்குற? ஏதாச்சும் ஒண்ணுல ஏறு.”

முதலில் ஏறியது பழைய, அகலமான வண்டி. ஓட்டுகிறவர் முன்னால், நான் பின்னால். எங்கள் ஊர் மினி பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து போனவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மேடும் வழியில் எங்கும் நிற்காமல் நேரே முதுகுத்தண்டுக்கு வந்து சேர்ந்தது. திருப்பம் என்றால் இரும்பு கேட்டைத் திறப்பதைப் போலப் பெரிய அரைவட்டம் எடுத்தது. ஒன்று சொல்ல வேண்டும், கவிழ்கிற பேச்சே இல்லை. அகலத்தின் குணம் அது. கனத்த சாரீரக்காரர் இதை ‘நம்பகமான வண்டி’ என்றிருப்பார்.

இரண்டாவது, முதுகு சாய்த்து உட்காரும் இருக்கை வைத்த நீளமான வண்டி. சவாரி சுகமென்றால் சுகம். மேடு பள்ளம் எல்லாம் கீழேயே பேசி முடிக்கப்பட்டு, நமக்குத் தகவல் மட்டும் வந்தது. ஹேண்டில் பிடியில் சூடு வைத்திருந்தார்கள். ஓட்டுகிறவர் கொஞ்சதூரம் என்னைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். அந்த மூன்று பேரும் ‘கைச்சூடு போதவில்லை’ என்று வருஷாவருஷம் புலம்பும்போது, இதெல்லாம் ஒரு குறையா என்று நினைத்ததுண்டு. விரல் மரத்துப் போயிருந்த அந்த நேரத்தில் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டேன். ஆனால் மிதித்த பாதையைவிட்டு இளகிய பனிக்குள் இறங்கியதும் வண்டியின் முன்பக்கம் அலைபாய ஆரம்பித்தது. போக வேண்டிய இடம் அதற்கே தெரியும், நாம் திருப்புவது உபரி என்பதைப் போல இருந்தது.

மூன்றாவது வண்டி வரிசையின் கடைசியில், கொஞ்சம் தள்ளி நின்றது. ஒல்லியாக, உயரமாக, இருக்கை ஒரு பலகை அகலமே. பட்டையில் விரல் நீளத்துக்குப் பற்கள். கட்டைகள் நெருக்கமாக இருந்தன. அசல் மலை வண்டி. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் போட்டோவில் மட்டும் பார்த்த ஒருவரை நேரில் பார்த்ததைப் போலக் கிட்டே போய்ப் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.

அதன் சொந்தக்காரர் நடுவயதைக் கடந்தவர், நரைத்த தாடி. அதை வாடகைக்கு விடுவதில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். பனிச்சறுக்குக்காரர்களைக் காட்டுக்குள் ஏற்றிப் போகிற வண்டியாம். நான் விடவில்லை. இந்த உயரத்தில் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறதா, முன் அகலத்தை இன்னும் குறைக்க முடியுமா, புதுப் பனியில் மூக்கு எழும்புகிறதா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

“நீங்கள் ஓட்டுவீர்களா?” என்றார்.

“இல்லை. கேட்பேன்,” என்றேன்.

என் ஆங்கிலம் சரியில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் டீயை எடுத்தார். அப்போது நாத்தனார் நடுவில் வந்தார். விளையாட்டு மைதானத்தின் இந்த முனையில் நின்று அந்த முனையில் ஓடுகிறவனைத் திருப்பி வரவழைத்த தொண்டை அது.

“ஐயா! பிள்ளை எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கு! ஒரு ரவுண்டு குடுத்தா என்ன கொறைஞ்சா போயிருவீக?”

தமிழில்தான் சொன்னார். காஷ்மீர்க்காரருக்கு நன்றாகப் புரிந்தது.

முதலில் அவர் எனக்குப் பின்னால் கால்பலகையில் நின்றுகொண்டு சமதளத்தில் ஓட்டச் சொன்னார். வண்டி இரண்டு பக்கமும் ஆடியது. அப்படியே, சொன்னபடியே ஆடியது! எனக்கு அடக்க முடியாத சந்தோஷம். கட்டைவிரலை லேசாக அழுத்தினாலே முன்னால் பாய்ந்தது. நாள் முழுக்க இடைவெளிப் பொத்தானைத் தட்டிப் பழகிய விரல், தயங்காமல் அழுத்தியது. இரண்டு சுற்று வந்தபின் அவருக்கு நம்பிக்கை வந்ததோ, குளிர் எடுத்ததோ, இறங்கிக்கொண்டு, ஓரமாக இருந்த சின்னச் சரிவைக் காட்டினார். யாரும் மிதிக்காத பனி. மெதுவாகப் போய் வா என்று சைகை செய்தார்.

இடது பக்கம் மேடு. வலது பக்கம் பள்ளம். எழுந்து நின்றேன். இடது பலகையில் பாதத்தை அழுத்தினேன். ஹேண்டிலை வலது பக்கம் திருப்பினேன். வண்டி மேட்டுப் பக்கம் சாய்ந்து, ஒரு ஓரத்தால் பனியை வெட்டிக்கொண்டு, சரிவின் குறுக்கே கோடு போட்டதைப் போலப் போயிற்று. கீழே நழுவவில்லை. கவிழவில்லை. பனி புகை மாதிரி முழங்காலில் வந்து மோதியது. பவுடர்தான். அதற்கு வேறு வார்த்தை இல்லை.

அப்போது ஒன்று தோன்றியது. எஞ்சின் இரைகிறது, காற்று அடிக்கிறது, எல்லாம் எனக்குப் பழகிய சத்தம். ஆனால் அந்த இரைச்சலுக்குள் யாரும் பேசவில்லை. நான் பழக்கத்தில் பேச்சைத் தேடிக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இருமலைக்கூட எதிர்பார்த்தேன். அங்கே என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை என்பது புரிய ஒரு கணம் ஆனது. பயம் வரவில்லை. ஆனால், இதை நம் ஆள் ஒருத்தராவது பார்க்க வேண்டுமே என்று இருந்தது. இவர் வீடியோ எடுக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். பார்க்கிற வேகத்தில் கட்டைவிரலை எடுத்துவிட்டேன்.

சரிவின் குறுக்கே போகும்போது கட்டைவிரலை எடுக்கக் கூடாது. இதை நான் எத்தனை தடவை அடித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. வண்டி சட்டென்று நிமிர்ந்தது, மூக்கைப் பள்ளத்தின் பக்கம் திருப்பியது, கொஞ்சதூரம் சறுக்கி, பிறகு அலுத்துப்போன எருமை மாதிரி பக்கவாட்டில் படுத்துவிட்டது. நான் அதற்கு முன்பே இறங்கி, இடுப்புவரை பனிக்குள் நின்றேன். வலி இல்லை. பூட்ஸுக்குள் மட்டும் பனி புகுந்தது.

தாடிக்காரர் ஓடி வந்து வண்டியை நிமிர்த்தி, ஏறி உட்கார்ந்து முழுதாக முடுக்கினார். பட்டை சுழன்று தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது.

“முடுக்காதீர்கள். முன்னால் இருக்கிற பனியை மிதித்துக் கெட்டியாக்கிவிட்டு மெல்ல எடுங்கள்,” என்றேன் ஆங்கிலத்தில்.

“ஆமாம், ஆமாம்,” என்று சொல்லிவிட்டு இன்னும் பலமாக முடுக்கினார். வண்டி இருக்கைவரை உள்ளே போயிற்று.

சத்தம் கேட்டு நான்கைந்து பேர் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். நாத்தனார் மேட்டில் நின்றுகொண்டு கையைத் தட்டி, “இங்குட்டு ரெண்டு பேரு வாங்க! கட்டையைப் பிடிங்க! எல்லாரும் ஒண்ணா! இழு!” என்று குரல் கொடுத்தார். கயிறு இழுக்கும் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவர். வண்டி வெளியே வந்தது. பனியை மிதிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. என் அறிவு அப்படியே கைபடாமல் என்னிடமே இருந்தது.

தாடிக்காரர் என் கோட்டில் ஒட்டியிருந்த பனியைப் பார்த்துச் சிரித்தார். “சரிவில் போகும்போது கட்டைவிரலை எடுக்கக் கூடாது,” என்றார்.

“தெரியும்,” என்றேன்.

அவர் நம்பவில்லை.

ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூடினார்கள். சாப்பிட்டு முடித்ததும் இவர் போனை டிவியில் இணைத்து வீடியோவைப் போட்டார். இவ்வளவு நாள் அதை எனக்குக்கூடக் காட்டாமல் வைத்திருந்தார். எல்லோரும் இருக்கும்போது காட்ட வேண்டுமாம்.

சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பெண், அகலமான வண்டி ஒன்றை மைதானத்தில் தனியாக ஓட்டிக்கொண்டு போனாள். நேராக முதுகை நிமிர்த்தி, பெரிய வட்டமாகத் திரும்பி, கையை உயர்த்தி யாருக்கோ ஆட்டினாள். விழவில்லை. நிற்கவில்லை. வீடியோ முடியும்வரை ஓட்டினாள். கூடவே இவருடைய குரல் கேட்டது: “நல்லா ஓட்டுற! அப்படித்தான்! பயப்படாத!” பல் கிட்டிக்கொண்டு குரல் நடுங்கியது.

“அக்கா என்னா ஸ்டைலா ஓட்டுறாக!” என்றாள் என் தங்கை.

அது நான் இல்லை. யாரோ வடநாட்டுப் பெண். நானோ அந்த நேரத்தில் மைதானத்தின் மறுபக்கம் பனிக்குள் நின்றிருந்தேன். எனக்கு அதைவிட உறுத்தியது வேறு: அந்தப் பெண் திருப்பத்தில் உடம்பைத் தப்பான பக்கம் சாய்த்திருந்தாள். அகலமான வண்டி என்பதால் மன்னித்துவிட்டது. மலை வண்டியில் இப்படிச் செய்தால் தெரிந்திருக்கும். இதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாத்தனாரின் குரல் கூடத்தை நிறைத்தது.

“தம்பி, இது யாரு? இவ அங்குட்டுல்ல விழுந்து கெடந்தா! நாலு பேரு சேந்து வண்டியைத் தூக்குனோம்!”

எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அந்தக் குளிருல கையுறையைக் கழட்டிட்டு எடுத்தேன்,” என்றார் மெல்ல. இரண்டு கம்பளி பனியன் போட்டும் நடுங்கியவர். நடுங்கிக்கொண்டே யாரோ ஒருத்திக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

“ரெண்டாவது சுத்துல நானும் இப்படித்தான் ஓட்டுனேன். மதினி அதைப் பாக்கல,” என்றேன். நாத்தனார் வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவருடைய வாழ்நாளில் அபூர்வமாக, மூடிக்கொண்டார். இவர் அந்த வீடியோவை அழிக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இப்போதும் காட்டுகிறார். “இது வேற ஆளு. ஆனா இவளும் இதே மாதிரிதான் ஓட்டுனா,” என்று சொல்லிவிட்டுக் காட்டுகிறார்.

அடுத்த குளிர்காலத்து வீடியோக்கள் வழக்கம்போல சித்திரை வரைக்கும் வந்துகொண்டிருந்தன. கடைசியாக வந்ததில் ஒத்துப்போகாதவர் ஒரு மலை வண்டியைப் பற்றி, சரிவில் விரலை எடுத்தாலும் அது நிதானமாக நிற்கும் என்று சொன்னார். கேட்டதை மட்டும் அடித்து அனுப்பினேன். ஆனால் மனம் ஆறவில்லை. வீடியோ வெளியானபின் அதன் கீழே, எல்லோரும் கருத்து எழுதும் இடத்தில் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக என் சொந்த வாக்கியம் ஒன்றை எழுதினேன்: ‘நெருக்கமான முன்கட்டை உள்ள வண்டியில் அப்படி நிற்காது. நிமிர்ந்து, பள்ளத்தின் பக்கம் திரும்பி, பிறகு படுத்துவிடும். எனக்கு அனுபவம் உண்டு.’

மறுநாள் பதில் வந்திருந்தது. பெயரைப் பார்த்தால் கனத்த சாரீரக்காரரேதான். நான் சொல்வதுதான் சரியாம். தானும் நண்பரிடம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நீங்கள் எந்தப் பக்கம் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டிருந்தார். காரைக்குடி என்று எழுதினேன். அந்த மலைப்பகுதியை அவர் கேள்விப்பட்டதில்லையாம். ‘இந்த வருஷம் அங்கே பனி எப்படி?’

அப்போது சித்திரை வெயில். காற்றாடி அனலை இறைத்துக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் யோசித்து, ‘இன்னும் விழவில்லை’ என்று பதில் போட்டேன். அவர் உடனே, சீக்கிரம் உங்களுக்கு ஒரு நல்ல பனிப்புயல் வாய்க்கட்டும் என்று வாழ்த்தியிருந்தார். மனம் நிறைந்த வாழ்த்து. நன்றி சொன்னேன்.

பக்கத்தில் நின்று படித்த என் வீட்டுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை.

“அந்த மனுசன் நல்ல மனசோட கேக்குறான். இப்படிப் பொய் சொல்லலாமா?”

“என்ன பொய் சொன்னேன்? வேணும்னா வெளிய போய்ப் பாருங்க. விழுந்திருக்கா?”

அவர் நிஜமாகவே சன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.